மரம், தண்ணீர், காற்று: விறகு வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கிறோம்?

ஒரு டன் விறகு வாங்கினேன் என்று சொல்பவர் ஒரு டன் மரம் வாங்கியிருக்க மாட்டார். மரமும் தண்ணீரும் சேர்ந்துதான் அந்த ஒரு டன். டிராக்டர் கணக்கில் ஒரு லோடு வாங்கினேன் என்பவர், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்த காற்றையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். அடுப்பில் எரிவது மரம் மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் எவ்வளவு கொடுத்தோம் என்பது பிடிபட்டால், பச்சை விறகு எப்போது லாபம், காய்ந்த விறகு எப்போது லாபம் என்பதை யாரையும் கேட்காமல் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கொங்குச் சீமையில் விறகு இன்னும் நல்லாவே ஓடுகிற சரக்கு. வீட்டுக்குள் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வெளியே குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் தண்ணி அடுப்பு இல்லாத தோட்டத்துச் சாளையை (தோட்டத்து வீட்டை)த் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை பாய்லர்கள், பேக்கரி, மெஸ், டீக்கடை, கல்யாண மண்டபம், செங்கல் சூளை என்று வாங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேலான், எங்கும் முளைத்துக் கிடக்கிற வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலம், சவுக்கு, தைலமரம், புளி, வேம்பு என்று சரக்கும் பலவிதம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர்வாடல் நோய் பிடித்து வெட்டிய தென்னையும் இப்போது இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

பச்சை மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்

உயிரோடு நின்ற மரத்தை இன்றைக்கு வெட்டி எடை போட்டால், அந்த எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மரத்துக்கு மரம் இது மாறும். வைரம் பாய்ந்த கெட்டி மரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும். முருங்கை, கல்யாண முருங்கை மாதிரி மெத்தென்ற மரத்தில் பாதியைத் தாண்டிப் போகும். நன்றாகக் காய்ந்த விறகு என்று நாம் சொல்வதில்கூட 15 முதல் 20 சதவீதம் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் அது சுத்தமாகப் போகாது. சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் ஒரு நிலையில் நின்றுவிடும்.

இந்தத் தண்ணீர் மரத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. ஒரு பகுதி மரத்தின் நுண்ணிய குழாய்களுக்குள் சும்மா நிரம்பி நிற்பது. இன்னொரு பகுதி நாரின் சுவருக்குள்ளேயே ஊறிப் பிடித்துக்கொண்டிருப்பது. துவைத்த வேட்டியைப் பிழிந்தால் சொட்டும் தண்ணீர் முதல் வகை. பிழிந்த பிறகும் கையில் படும் ஈரம் இரண்டாம் வகை. முதல் வகை சீக்கிரம் வெளியேறும், அதனால் மரம் சுருங்காது. இரண்டாம் வகை வெளியேற ஆரம்பிக்கும்போதுதான் மரம் சுருங்கும், முனைகளில் வெடிப்பு விழும். கட்டையின் முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிற அந்தக் கீறல்களைப் பார்த்து "காஞ்சுருச்சு" என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் முனை வெடித்திருப்பதால் நடுவும் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் மரத்தின் நீளவாக்கில் மிக வேகமாக வெளியேறும், குறுக்குவாக்கில் மெதுவாகத்தான் நகரும். நான்கடி நீளக் கட்டையின் இரண்டு முனையும் எலும்பாகக் காய்ந்திருக்க, நடு ஒரு முழத்தில் பச்சை அப்படியே இருக்கலாம்.

அடுத்தது சூட்டுக் கணக்கு. ஈரமே இல்லாத மரம் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4,500 கிலோ கலோரி கிடைக்கும். வேலம், புளி, வேம்பு, சவுக்கு எதுவானாலும் ஒரு கிலோவுக்கு இந்த எண் பெரிதாக மாறாது. இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், "புளிய வெறகும் முருங்கையும் ஒண்ணுங்களா?" என்பார்கள். கிலோவுக்குக் கிலோ கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் ஒரு கட்டைக்குள் எத்தனை கிலோ அடங்கியிருக்கிறது என்பதில். கையளவு புளியங்கட்டையின் கனத்துக்கு முருங்கை ஒரு கத்தையே வேண்டும்.

ஒரு கிலோ பச்சை விறகில் அரைக் கிலோ மரம், அரைக் கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மரம் தருவது 2,250 கிலோ கலோரி. தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்து ஆவியாக்க, ஒரு கிலோவுக்குச் சுமார் 610 கிலோ கலோரி வேண்டும். அரைக் கிலோவுக்கு 305. மிச்சம் 1,945. இதையே 20 சதவீத ஈரமுள்ள காய்ந்த விறகில் பாருங்கள். 800 கிராம் மரம் 3,600 தரும், 200 கிராம் தண்ணீர் 122 சாப்பிடும், மிச்சம் 3,478. ஆக, ஒரு கிலோ பச்சை விறகு ஒரு கிலோ காய்ந்த விறகின் சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 56 சதவீதம்தான் தருகிறது.

பச்சை விறகின் சூடு முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். மேலே உள்ள கணக்கில் அப்படி ஆவியாக்கப் போனது 305 மட்டும், ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய நஷ்டம் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, ஒரு கிலோ என்று சொல்லி அரைக் கிலோ மரத்தைத்தான் வாங்கினோம். இன்னொன்று, இந்தக் கணக்கிலேயே வராத புகை.

மரம் நேரடியாக எரிவதில்லை. சூடு ஏற ஏற, 200 டிகிரிக்கு மேல் போனதும் மரத்திலிருந்து வாயுக்கள் வெளிவரத் தொடங்கும். நாம் பார்க்கிற சுவாலை அந்த வாயு எரிவதுதான். காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் போகிறது. கட்டைக்குள் தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெளிப்பக்கம் மட்டும் கருகி வாயு வரும், ஆனால் அதைப் பற்றவைக்கும் அளவுக்கு அடுப்பில் சூடு இருக்காது. எரியாமல் போன அந்த வாயுவும் தாரும்தான் கண்ணைக் கரிக்கிற புகை, பாத்திரத்தின் அடியில் பிசுபிசுவென்று ஒட்டும் கரி, புகைபோக்கிக்குள் படியும் கறுப்புப் பசை. எரிய வேண்டிய எரிபொருள் ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே போகிறது. ஊதாங்குழலை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நெஞ்சுக்குள் போவதும் அதேதான். விலைக் கணக்கு போடுகிற ஆண்கள் இதைச் சேர்ப்பதில்லை.

கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லம், நாட்டுச் சர்க்கரை எடுக்கும் கரும்பாலைக்காரர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழநி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகிற கவுந்தப்பாடி வட்டாரத்தில், பிழிந்த கரும்புச் சக்கையை அப்படியே அடுப்பில் தள்ள மாட்டார்கள். களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்தி, அதற்குப் பிறகுதான் கொப்பரை அடுப்புக்குப் போகும். பிழிந்த சக்கையிலும் எடையில் பாதி தண்ணீர்.

எடைக்கா, லோடுக்கா?

இனி விலைக்கு வருவோம். விறகு இரண்டு விதமாகக் கைமாறுகிறது: எடைமேடையில் டன் கணக்கில், அல்லது டாடா ஏஸ், டிராக்டர் டிப்பர் என்று வண்டிக் கணக்கில். சிறு அளவில் கட்டுக் கணக்கும் உண்டு, அதுவும் லோடு மாதிரிதான்.

எடைக்கு வாங்கும்போது தண்ணீர் விலையில் ஏறுகிறது. கணக்குக்காகக் காய்ந்த விறகு டன் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது எந்த ஊர் விலையும் இல்லை, கணக்குப் போட வசதியான எண்). அதில் 800 கிலோ மரம் இருக்கிறது. பச்சை விறகில் 500 கிலோ. மரத்துக்கு மட்டும் காசு என்றால் பச்சை விறகின் நியாய விலை 3,750. கிடைக்கும் சூட்டுக்குக் காசு என்றால் 56 சதவீதம், அதாவது சுமார் 3,350. பச்சை விறகை 4,500-க்குக் கொடுத்து "டன்னுக்கு ஆயிரத்தி ஐநூறு கம்மி" என்று யாராவது சொன்னால், குறைந்தது ரூபாய்தான். மரத்தின் விலை ஏறியிருக்கிறது.

லோடுக்கு வாங்கும்போது தண்ணீர் அவ்வளவாக ஏமாற்றாது. ஒரு டிப்பர் நிறைய அடுக்கிய பச்சைக் கட்டை காய்ந்த பிறகும் கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்ளும். மரத்தின் பருமன் சுருங்குவது மிகக் கொஞ்சம். பச்சையானாலும் காய்ந்ததானாலும் அந்த டிப்பருக்குள் இருக்கும் மரம் ஒன்றுதான். இங்கே ஏமாற்றுவது காற்று. பிளந்து நேர்த்தியாக அடுக்கிய விறகிலேயே மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. கோணல் மாணலான வேலிக்காத்தான் கிளைகளைக் கிளை கிளையாகவே அள்ளிப் போட்டால் பாதிக்கு மேல் காற்றாகவே வந்து சேரும். சவுக்கு நேராக வளர்வதால் நெருங்கி அடையும். அதே டிப்பரில் சவுக்கு கூடுதல் மரம். மரத்தின் கெட்டியும் இங்கேதான் பேசும். லோடு விலை ஒன்றாக இருந்தால் புளியும் வேலமும் முருங்கையைவிட எவ்வளவோ மேல்.

ஆகவே என்னுடைய யோசனை இது: பச்சை விறகு வாங்குகிறீர்களா, லோடு கணக்கில் பேசுங்கள். காய்ந்த விறகு வாங்குகிறீர்களா, எடை கணக்கில் பேசுங்கள். வியாபாரிக்கு வசதி இதற்கு நேரெதிர்; பச்சையாக இருக்கும்போதே எடைமேடைக்குக் கொண்டுபோகத் துடிப்பார், காய்ந்து லேசான பிறகு "லோடா எடுத்துக்குங்க" என்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வியாபாரம் அப்படித்தான். நாம் தெரிந்து பேச வேண்டும், அவ்வளவே.

எடைமேடைக்குப் போனால் காலி வண்டியையும் அதே மேடையில், அதே நாளில் போடச் சொல்லுங்கள். பழைய ரசீதில் இருக்கும் காலி எடையை நம்ப வேண்டாம். டீசல், ஸ்டெப்னி, ஏறி உட்கார்ந்த ஆள் எல்லாமே எடைதான். கட்டையில் ஒட்டிய செம்மண், தூர்க்கட்டையின் வேருக்கு நடுவே சிக்கிய கல், புறப்படும் முன் பீய்ச்சிய தண்ணீர், இவையும் விறகு விலைக்குத்தான் வரும். லோடின் மேலும் ஓரமும் காய்ந்தது, நடுவில் பச்சை என்று கலந்து வருவதும் சகஜம். இறக்கும்போது பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும்.

காய்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

வாங்க வந்தவரும் தோட்டத்துக்காரரும் பேசுவது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"ஏனுங், இது காஞ்சதுங்களா?"

"காஞ்சதுதானுங். தை மாசம் வெட்டிப் போட்டது."

"வெட்டுனது தையிங்க, சரி. பொளந்தது எப்பங்க?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவருக்கு விறகு தெரியும். முழு உருட்டாகவே கிடந்த கட்டை, பட்டையோடு இருந்தால், மாதக்கணக்கில் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பட்டை என்பதே மரத்தின் தண்ணீர் வெளியே போகாமல் காக்கிற கவசம். தையில் வெட்டி நேற்று பிளந்தது, பாதிப் பச்சைதான்.

கண்ணால் பார்த்தால்: முனையில் வெடிப்பு, பட்டை தானாகக் கழன்று வருவது, வெட்டுமுகத்தின் நிறம் மங்கி வெளுத்திருப்பது. இவை எல்லாம் காய்ந்ததற்கு அடையாளம், அத்தாட்சி ஆகாது. ஒரே அளவுள்ள இரண்டு கட்டையை இரு கையிலும் தூக்கிப் பாருங்கள். பிறகு ஒன்றோடு ஒன்றைத் தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென்று ஒலிக்கும். பச்சை 'தொப்' என்று விழும். இந்தச் சத்தம் பழகிய காதுக்கு நன்றாகவே பிடிபடும், புதிதாக வாங்குகிறவருக்கு முதலில் குழப்பும். நன்றாகக் காய்ந்த இரண்டு துண்டைக் கூடவே எடுத்துப் போய் ஒப்பிட்டால் குழப்பமில்லை.

எதுவும் பலிக்காவிட்டால் கோடாலி. லோடின் நடுவிலிருந்து நீங்களாக ஒரு தடித்த கட்டையை உருவி, "இதைப் பொளந்து காட்டுங்க" என்று கேளுங்கள். காய்ந்த கட்டை பெரும்பாலும் படீரென்று இரண்டாகத் தெறிக்கும். பச்சைக் கட்டையில் கோடாலி சிக்கும், நார் நாராக இழுக்கும். பிளந்த முகத்தைப் புறங்கையாலோ கன்னத்தாலோ தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். விரல் நுனியைவிடக் கன்னத்துக்கு இது சட்டென்று தெரியும். முகர்ந்தாலும் பச்சை வாடை தனியாகத் தெரியும், வேம்பிலும் தைலமரத்திலும் இன்னும் நன்றாக.

பாய்லர் வைத்திருப்பவர்கள், மாதம் முழுக்க விறகு வாங்கும் ஓட்டல்காரர்கள் ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி, ஊசியை மரத்தில் குத்தினால் எண் காட்டும். இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வெளிப்பக்கம் குத்தக் கூடாது. கட்டையை அப்போதே பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்த வேண்டும். எண் 30-க்கு மேல் போனால் அதைச் சரியான அளவாக எடுத்துக்கொள்ளாமல் "இது பச்சை" என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு மேல் ஊசிக் கருவி தடுமாறும். மூன்றாவதுதான் பெரிய சண்டைக்கு இடம் கொடுப்பது. ஈரமானி தண்ணீரைக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. விறகு வாங்கும் ஆலைகள் பெரும்பாலும் மொத்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும். அரைக் கிலோ மரமும் அரைக் கிலோ தண்ணீரும் இருந்தால் ஆலைக் கணக்கில் 50 சதவீத ஈரம்; மரத்தோடு ஒப்பிட்டால் 100 சதவீதம். ஆலைக் கணக்கில் 20 சதவீதம் என்பது ஈரமானியில் 25. "ஈரம் 25-க்கு மேல இருந்தா எடுக்க மாட்டோம்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கணக்கில் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெங்கும் சொல்லியிருக்கும் சதவீதம் மொத்த எடைக் கணக்கு.

கருவி இல்லாமலும் அளக்கலாம். கட்டையின் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, ஓரங்குல வில்லையாக ஒரு துண்டு அறுத்து, உடனே சமையலறைத் தராசில் எடை போடுங்கள். பிறகு பேக்கரி அடுப்பு மாதிரி 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே உள்ள சூட்டில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை உலர்த்துங்கள். 400 கிராம் இருந்தது 280-ல் வந்து நின்றால், போன 120 கிராம் தண்ணீர், 30 சதவீதம். கூடத்தில் இருக்கும் மொத்தச் சரக்கையும் பற்றிப் பேச இரண்டு மூன்று கட்டையில் இதைச் செய்தால் போதும்.

நின்றபடியே பட்டுப்போன மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "இது நின்னே காஞ்சதுங்க, இன்னைக்கே எரிக்கலாம்" என்று விற்பார்கள். கிளைகளுக்கு அது சரி. அடிமரம் பட்டையோடு நின்றிருந்தால் உள்ளே நல்ல ஈரம் இருக்கலாம். அதையும் பிளந்துதான் பார்க்க வேண்டும். தென்னை இன்னும் மோசம்; வெளியோரம் இரும்பு மாதிரி கெட்டி, நடுவில் சோறு மாதிரி பொதபொதவென்று தண்ணீர் பிடித்து நிற்கும். நான்காகப் பிளந்து காய வைக்காத தென்னைக்கு விறகு விலை கொடுக்க எனக்கு மனம் வராது.

சவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு போல. கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும், அதனால்தான் சூளைக்காரர்களுக்கு அதன் மேல் பிரியம். எரிகிறது என்பதற்காகத் தண்ணீருக்குக் கொடுத்த காசு திரும்பி வராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்பவர் பக்கத்துக் கணக்கு

தோட்டத்து வரப்பில் இருந்த மரங்களை வெட்டி 10 டன் பச்சை விறகு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே டன் 3,400-க்குக் கொடுத்தால் கையில் 34,000. காய வைத்துக் கொடுத்தால்? 10 டன்னில் 5 டன்தான் மரம். அது 20 சதவீத ஈரத்துக்கு வரும்போது மொத்த எடை 6.25 டன். டன் 6,000 என்றால் 37,500. வித்தியாசம் 3,500 ரூபாய். அதற்குள் பிளக்கும் கூலி, இரண்டாம் முறை ஏற்றி இறக்கும் கூலி, பல மாதம் முடங்கிய பணம், மழை, கரையான், ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும் நாலு கட்டை. விவசாயி ஏன் பச்சையாகவே தள்ளிவிடுகிறார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், பச்சை விலை காய்ந்த விலையில் 62.5 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும்போது காய வைப்பது வீண்வேலை. கூலியையும் வட்டியையும் சேர்த்துப் பார்த்தால், பச்சைக்குப் பாதி விலைக்கும் கீழே கேட்கிறார்கள் என்றால்தான் காத்திருக்க அர்த்தம் உண்டு. சொந்த ஆள், சும்மா கிடக்கும் இடம், மழைக்கு மறைப்பு மூன்றும் இருக்கிறவருக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும்.

காய வைத்து விற்பவர் டன் கணக்கில் விற்றுப் போட்டி போடுவதைவிட, அளவாக அறுத்துப் பிளந்து கொடுத்தால் நல்ல விலை பேசலாம். பேக்கரிக்கு ஒரு நீளம், மண்டபத்து அண்டா அடுப்புக்கு ஒரு நீளம். பாய்லர்காரருக்குத் தடித்த முண்டு போதும். டீக்கடைக்காரருக்கு மணிக்கட்டுப் பருமன் பிளவு வேண்டும். வாங்குகிறவர் காசு கொடுப்பது விறகுக்கு மட்டும் இல்லை, கோடாலி எடுக்காமல் இருப்பதற்கும்தான்.

வெட்டும் முன் ஒரு விஷயம். சந்தனம், தேக்கு, ஈட்டி என்றால் பட்டா நிலமானாலும் வனத்துறையைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம். மலையடிவாரத்தில், 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்துகிற கிராமங்களில் மற்ற மரங்களுக்கும் அனுமதி தேவைப்படும். வண்டியை வழியில் நிறுத்திக் கேட்கும்போது அலைவதைவிட, கிராம நிர்வாக அலுவலரிடம் முன்பே பேசிவிடுவது மேல்.

நாமே காய வைப்பது

இடம் இருக்கிறவருக்குப் பச்சை விறகை வாங்கிக் காய வைப்பதுதான் உண்மையான லாபம், லோடு கணக்கில் வாங்கினால் இன்னும் அதிகம். கொங்கு நாட்டு வானிலை இதற்கென்றே அமைந்த மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை நமக்குத் தூறலோடு சரி. ஆனால் அந்தப் பருவத்தின் காற்று மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து பல்லடம், காங்கயம், தாராபுரம் வரை வீசித் தள்ளும். காற்றாலைக்காரர்கள் காத்திருக்கும் அதே காற்றுதான் விறகையும் காய வைக்கிறது. வெயிலைவிட விறகுக்குக் காற்று முக்கியம். வெயில் மேல் வரிசையைச் சுடும். காற்று நடு வரிசை வரை போய் ஈரத்தை எடுத்து வரும்.

தை, மாசியில் வெட்டி உடனே பிளந்து அடுக்கினால் பங்குனி, சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் முழுசாகக் கிடைக்கும். மணிக்கட்டுப் பருமன் பிளவு நல்ல கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் எரிகிற பதத்துக்கு வரும். தொடைப் பருமன் முண்டு ஆவணி, புரட்டாசி வரை கேட்கும், புளி மாதிரி கெட்டி மரம் அதற்கு மேலும். பிளப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்; சில கெட்டி மரங்கள் மட்டும் பச்சையில் பிளப்பதற்கு லேசு, காய்ந்த பிறகு ஆப்பு வைத்தால்தான் அசையும்.

அடுக்கும்போது நேரடியாக மண்ணில் வைத்தால் அடி வரிசை கரையானுக்குத்தான். இரண்டு வரிசை ஹாலோபிளாக்கோ கருங்கல்லோ போட்டு, மேலே குறுக்காக இரண்டு நீளக் கட்டை, அதற்கு மேல் விறகு. அடுக்கு தெற்கு வடக்காக ஓடட்டும். அகலப்பக்கம் மேற்கைப் பார்த்தால் காற்று முகத்தில் அடித்து ஊடே போகும். இரண்டு அடுக்குக்கு நடுவே ஆள் நடக்கும் இடம் விடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். கரையான் சுவரேறும், தேளும் பாம்பும் குடியேறும், காற்றும் ஒரு பக்கம் அடைபட்டுப் போகும்.

மழைக்குத் தார்ப்பாய் போடும்போது மேலே மட்டும், தொப்பி மாதிரி இரண்டு பக்கமும் ஒரு முழம் தொங்கவிட்டால் போதும். தரைவரை இழுத்துச் சுற்றிக் கட்டினால் விறகிலிருந்து வந்த ஈரம் பாய்க்குள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று வருஷம் கிடந்த விறகு இன்னும் நல்ல விறகு என்றும் நினைக்க வேண்டாம். உளுக்க ஆரம்பித்த கட்டையைத் தட்டினால் மாவு கொட்டும். அந்த மாவு அத்தனையும் எரிந்திருக்க வேண்டிய மரம். காய்ந்தவுடன் எரித்துவிடுவது, அல்லது விற்றுவிடுவது.

எல்லா வேலைக்கும் எலும்பாகக் காய்ந்த விறகுதான் வேண்டும் என்பதில்லை. தண்ணி அடுப்பில் விடியும் வரை தணல் நிற்க, பின்பக்கம் ஒரு அரைக்காய்ச்சல் முண்டைச் சொருகி வைப்பவர்கள் உண்டு. முன்னால் நல்ல விறகு எரிந்துகொண்டிருந்தால் அது மெதுவாகக் காய்ந்து தானும் எரியும். அரளியை மட்டும் காய்ந்தாலும் அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள், அதன் புகையே விஷம். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டும் சமையலுக்கு வேண்டாம்.

ஐப்பசி மழையில் ஒரு தகராறு வழக்கமாக வரும். நன்றாகக் காய்ந்த சரக்கு, வண்டியில் வரும்போது நனைந்துவிட்டது. வாங்குகிறவர் "பச்சை" என்று விலையைக் குறைக்கிறார். நனைந்த காய்ந்த விறகும் பச்சை விறகும் ஒன்றல்ல. மழைத்தண்ணீர் மேல்தோலோடு நிற்கும், நிழலில் காற்றாட இரண்டு மூன்று நாள் பரப்பினால் போய்விடும்; பச்சையின் தண்ணீர் நடுவில் இருக்கும், அதற்கு மாதங்கள் வேண்டும். ஒரு கட்டையைப் பிளந்தால் வெளிவட்டம் மட்டும் கறுத்து, உள்ளே வெளுப்பாகக் காய்ந்திருக்கும். அதைக் காட்டி, எடையில் நனைந்த தண்ணீருக்கு மட்டும் கழிவு பேசிக்கொள்ளலாம், அல்லது அன்றைக்கு எடைமேடைக்கே போகாமல் லோடு கணக்கில் முடித்துக்கொள்ளலாம்.